எருக்குழியில் எஞ்சும் மருந்து

பன்றிக்குக் கொடுக்கும் டெட்ராசைக்ளின் மருந்தில் பெரும்பகுதி சிதையாமலே சாணத்திலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது. எருக்குழியில் அந்த மருந்தும் குடல் பாக்டீரியாக்களும் ஒன்றாய்க் கிடக்கின்றன. மருந்துக்குப் பணிபவை மடிய, தாங்குபவை பெருகுகின்றன.

இதைத் தொடர்ந்து கவனிக்க இரண்டு வழிகள் உண்டு. மாதந்தோறும் அதே குழியின் எருவை எடுத்து, மருந்து கலந்த தட்டில் ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியாவை வளர்த்து எண்ணுவது பழைய வழி. மருந்தைத் தாங்கவைக்கும் எதிர்ப்பு மரபணுவை பி.சி.ஆர். முறையில் அளப்பது மற்றொன்று. இரண்டும் தேவை. எரு ஆற ஆற உயிருள்ள பாக்டீரியா குறைந்தாலும் மரபணு அதே வேகத்தில் மறைவதில்லை.

எம்.சி.ஆர்-1 அப்படிப்பட்ட ஓர் எதிர்ப்பு மரபணு. வேறு மருந்துகள் கைவிட்ட நோயாளிக்குக் கடைசியாகத் தரும் கொலிஸ்டினை இது பலிக்காமல் செய்கிறது. 2013இல் ஷாங்காய்ப் பண்ணைப் பன்றி ஒன்றிடம் எடுத்த ஈ.கோலையில் இது இருந்தது. 2015இல் உலகுக்குத் தெரிந்தது. இது பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருக்கிறது. மார்கழியில் பக்கத்து வீட்டுக் கோல நோட்டைப் பார்த்துப் புள்ளிக்கணக்கைத் தன் நோட்டில் எழுதிக்கொள்வது போல, ஒரு பாக்டீரியாவிடமிருந்து இன்னொன்று இதன் நகலைப் பெறுகிறது. கொடுத்த பாக்டீரியாவுக்கு இழப்பில்லை. பெறுவது வேறு இனமாகவும் இருக்கலாம்.

சீனா 2017இல் தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது. 2015-16இல் பன்றிகளின் ஈ.கோலையில் 34 சதவீதம் கொலிஸ்டினை எதிர்த்தது. 2017-18இல் அது 5.1 சதவீதமாகக் குறைந்தது. தடைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுத்திருக்காவிட்டால் இந்தச் சரிவு யாருக்கும் தெரிந்திருக்காது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் மீன்வளர்ப்புக்கும் கொலிஸ்டினை இந்தியா 2019 ஜூலையில் தடைசெய்தது. அந்தத் தடை காவிரியின் கடைமடையான காரைக்காலுக்கும் பொருந்தும். ஆனால் தடை பலித்ததா என்பதை ஆணைத்தாள் சொல்லாது, எருதான் சொல்லும். எருவைச் சோதிக்காமல் விடுவது பெரிய அலட்சியம்.

காவிரியின் கடைமடையில் இந்த அலட்சியத்துக்கு விலை அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பி வழியும் குழி வாய்க்காலில் கலக்கும். வாய்க்கால் வயலுக்கும் அரசலாற்றுக்கும் போகும். ஆறு காரைக்கால் கடலில் சேரும். அதனால் இங்கே மழைக்கு முன் ஒரு மாதிரி, வெள்ளம் வடிந்தபின் ஒரு மாதிரி என்று குழியிலும் வாய்க்காலிலும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

சோதிப்பதோடு நிற்காமல், எருவை வைக்கோலோடு குவித்து, 55 டிகிரிக்கு மேல் பல நாள் சூடேற விட்டு, கிளறிக் கிளறி மக்கவைத்தால் பாக்டீரியா வெகுவாகக் குறையும். டெட்ராசைக்ளினும் ஓரளவு சிதையும். தீவனத்திலிருந்து வரும் துத்தநாகமும் செம்பும் மட்டும் எந்தச் சூட்டிலும் அழியாமல் மண்ணில் சேரும். உலோகத்தைத் தாங்கும் மரபணுவும் மருந்தைத் தாங்கும் மரபணுவும் பல சமயம் ஒரே பிளாஸ்மிட்டில் இருப்பதால், மருந்து தீர்ந்த பிறகும் உலோகம் அந்த எதிர்ப்பைக் காத்து வைக்கக்கூடும்.