எள்ளி நகுதல்

நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்றார் தொல்காப்பியர். அவற்றுள் எள்ளல் முதலாவது. உரைகண்ட பேராசிரியர் அவ்வெள்ளலை இரண்டாக்கினார். பிறரை இகழ்ந்து தான் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை இகழ்கையில் தானும் சிரிப்பது மற்றொன்று. இனத்தை வைத்துப் பின்னப்படும் நகைச்சுவை மனங்களை நெருக்குமா, விலக்குமா என்னும் வழக்கைத் தீர்க்க இப்பாகுபாடு போதும் என்பது என் துணிபு.

நம் நாட்டிலேயே சான்று உளது. எஸ். ராம்தாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' இலங்கை வானொலியிற் பெரும்புகழ் பெற்று, 1976இல் 'கோமாளிகள்' என்னுந் திரைப்படமும் ஆயிற்று. மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என நால்வர். நால்வர்க்கும் நான்கு தமிழ். முஸ்லிம்களின் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் தட்டுத்தடுமாறிப் பேசுந் தமிழ், அக்கிரகாரத் தமிழ். மரிக்காராக நடித்தவர் ராம்தாஸ். ஐயராக நடித்தவர் பி. எச். அப்துல் ஹமீட். ஒருவர் பேச்சை மற்றவர் வாயில் வைத்துப் பார்த்த துணிவை இன்றும் வியக்கிறேன். அந்நால்வருள் எவர் பேச்சும் அளவுகோலன்று. அப்புக்குட்டியின் தமிழும் சிரிப்புக்குரியதே. தம் பேச்சே செம்மையானதென்று இறுமாந்திருந்த எம்மூரவர்க்கு அது நல்ல மருந்து. பண்டிதர்களாயின் இருவேளை உட்கொள்ளலாம்.

உபாலியின் நிலை வேறு. அவன் தடுமாற்றத்தைக் கேட்டுச் சிரித்தோர் பெரும்பாலும் தமிழ் பேசுவோர். எள்ளப்பட்ட இனத்தவர் உடனிருந்து சிரிக்கவில்லை. நம் வாயிற் சிங்களம் படும் பாட்டை எடுத்துக்காட்டி அவர்கள் சிரிக்க அங்கே இடமுமில்லை. படம் வெளிவந்ததற்கு அடுத்த ஆண்டு, 1977இல், இனக்கலவரம் மூண்டது. அதற்காக ஒரு நாடகத்தைப் பழிப்பது பேதைமை. நாடகம் அதைத் தடுத்திருக்கும் என்று எண்ணுவதும் பேதைமையே.

எழுதியவன் நோக்கம் நல்லதாயின் போதாதா என்பர். போதாது. அமெரிக்காவில் 1971இல் தொடங்கிய 'ஆல் இன் த ஃபமிலி' என்னுந் தொலைக்காட்சித் தொடரில் ஆர்ச்சி பங்கர் என்பவன் பிற இனத்தவரை வாய்க்கு வந்தவாறு பழிப்பான். அவன் அறியாமையை நகைப்பதே தொடரின் நோக்கம். ஆயின் 1974இல் நீல் விட்மார், மில்டன் ரொக்கீச் என்னும் ஆய்வாளர் இருவர் கண்ட முடிவு வேறு. இனக்காழ்ப்பு மிக்க நேயர் ஆர்ச்சியைக் கண்டு நாணவில்லை. அவன் பக்கமே நின்று மகிழ்ந்தனர்.

இனி, எங்கள் வகுப்பறை. கோமாளிகள் நால்வருள் மலையகத்தவர் இல்லை என்பது நினைக்கத்தக்கது. அட்டனிலிருந்து வந்து என்னிடம் கற்ற மாணவன் ஒருவன் ஒருநாள் செய்யுள் வாசித்தான். பின்வாங்கிலிருந்த ஒருவன் அவன் குரலிலேயே ஒரு சொல்லைத் திருப்பிச் சொன்னான். வகுப்புச் சிரித்தது. வாசித்தவனும் சிரித்தான். பேராசிரியர் கூறிய இரண்டாம் வகை என்று கொள்ளலாமோ? இல்லை. மறுநாள் அவன் வாசிக்க எழவில்லை. எள்ளியோரைத் திருப்பி எள்ளும் முறை அவனுக்கு வாய்க்கவில்லை.

முறை வைத்தேன். ஒவ்வொருவரும் தத்தம் ஊர்த் தமிழில் ஒரு கதை சொல்ல வேண்டும். மற்றோர் அதனைப் போலச் செய்யலாம். சொன்னவரும் விரும்பிய எவரையும் போலச் செய்யலாம். மூன்று கிழமை அவன் வாய் திறக்கவில்லை. நான்காங் கிழமை எழுந்தான். அவன் தெரிந்தெடுத்தது பின்வாங்குக்காரனை அன்று, என்னை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, 'ஆகவே' என்பதை யான் இழுக்கும் இழுப்பை இழுத்தான். வகுப்பில் முதலிற் சிரித்தவன் அந்தப் பின்வாங்குக்காரன். அடுத்துச் சிரித்தவன் யான்.