‘ஹி’யை அடிச்சுட்டு ‘ஷி’ன்னு எழுதினாங்க!

ஒரே ஒரு கேள்வி. உங்க மெஷின்ஸ் லேப்ல கனெக்‌ஷன் குடுக்கறது யாரு? ரீடிங் எழுதறது யாரு?

தெரிஞ்ச கதைதானே... ஒரு பேட்ச்சுக்கு அஞ்சு பேர்னா, ரெண்டு பசங்க ஒயரை அள்ளிட்டு ஓடுவாங்க. ஒருத்தன் ஸ்டார்ட்டர் கைப்பிடிகிட்ட போய் ஹீரோ மாதிரி நிப்பான். ‘உங்க கையெழுத்து அழகா இருக்குமே, அப்சர்வேஷன் நோட்டைப் பிடிங்க’ன்னு நம்ம கையில பேனா வந்துடும். கையெழுத்து அழகா இருக்கறது ஒரு குத்தமாங்க? டி.சி. ஷண்ட் மோட்டார்ல லோடு டெஸ்ட் பண்றப்போ பிரேக் டிரம் சூடாகும், தண்ணி ஊத்தணும். சரி, அதையாவது பண்ணுவோம்னு கிட்ட போனா, ‘ஷால் மாட்டிக்கும், தள்ளி நில்லுங்க’ன்னு அட்வைஸ். மாட்டிக்கும்கறது நிஜம்தான். அதுக்குத்தானே லேப் கோட் வாங்கி வச்சிருக்கோம்!

நான் ஆனைமலைப் பொண்ணு. எங்க ஊர்ல நிமிர்ந்தா மலை, மலைக்குள்ளே கரண்ட். காடம்பாறையில மலையைக் குடைஞ்சு பூமிக்கு அடியில பவர் ஹவுஸ் கட்டியிருக்காங்க. நாலு மெஷின், ஒவ்வொண்ணும் 100 மெகாவாட். மேல இருந்து தண்ணி இறங்கறப்போ அது ஜெனரேட்டர். கரண்ட் மிச்சம் இருக்கற நேரத்துல அதே மெஷின் மோட்டாரா மாறி, மேல் ஆழியாறு அணைத் தண்ணியைத் திரும்ப மேலே ஏத்தும். இப்படி ஒரு ஊர்ல பொறந்துட்டு ட்ரிபிள் ஈ மேல ஆசை வராம இருக்குமா? ஆனா கவுன்சலிங் சமயத்துல வீட்டுக்கு வந்த பெரியம்மா கேட்டது இதுதான்: “ஏனம்மிணி, கரண்டு கம்பம் ஏறப் போறியா? கம்ப்யூட்டர் எடுத்தா ஏ.சி. ரூம்ல உக்காந்துக்கலாமில்ல?”

(சி.எஸ். தோழிகளே, கோவிச்சுக்காதீங்க. பிடிச்சு எடுத்திருந்தா சூப்பர். மத்ததுக்குப் பயந்து எடுத்திருந்தாத்தான் இந்தக் கட்டுரை உங்களுக்கு!)

இப்ப லலிதாவைப் பத்திச் சொல்லணும். அய்யலசோமயாஜுலா லலிதா. 1919-ல பொறந்தவங்க, சென்னையில செட்டில் ஆன தெலுங்குக் குடும்பம். 15 வயசுல கல்யாணம். 18 வயசுல கணவர் இறந்துட்டார். கையில நாலு மாசக் குழந்தை ஷ்யாமளா. அந்தக் காலத்துல அந்த வயசு விதவைக்கு என்ன எழுதி வச்சிருந்தாங்கன்னு உங்களுக்கே தெரியும்... மூலையில ஒரு இடம், அவ்வளவுதான். லலிதா மூலையில உட்காரல. ராணி மேரி காலேஜ்ல இன்டர்மீடியட் முடிச்சாங்க. டாக்டருக்குப் படின்னு சொன்னவங்க உண்டு. குழந்தையை வச்சுக்கிட்டு ராத்திரி பகல் பார்க்காத வேலை சரிப்படாதுன்னு அவங்க எடுத்தது எலக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங்!

அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ்ல எலக்ட்ரிக்கல் புரொபசர். பிரின்சிபால் சாக்கோகிட்ட பேசினார், கல்வித் துறை இயக்குநர் வரைக்கும் போய் அனுமதி வாங்கினார். 1940-ல லலிதா உள்ளே போனாங்க. 1794-ல சர்வே ஸ்கூலா ஆரம்பிச்ச இடத்துல ஒரு பொண்ணு நுழைய கிட்டத்தட்ட ஒண்ணரை நூற்றாண்டு ஆகியிருக்கு.

இதுவரைக்கும் வழக்கமான ‘முதல் பெண்’ கதைதான். எனக்குப் பிடிச்ச இடம் அடுத்தது. நூத்துக்கணக்கான பசங்க நடுவுல ஒரே ஒரு பொண்ணு. ஹாஸ்டல் வாசம். குழந்தை சொந்தக்காரங்க வீட்டுல. பசங்க தொந்தரவு எதுவும் பண்ணல, ஆனா பேசறதுக்கு ஆள் இல்லை. அப்பா என்ன பண்ணினார் தெரியுமா? ‘தைரியமா இரு கண்ணு’ன்னு சொல்லிட்டுப் போகல. பெண்களையும் சேர்த்துக்கறோம்னு விளம்பரம் குடுக்க காலேஜைச் சம்மதிக்க வச்சார். லீலம்மா ஜார்ஜ், பி.கே. த்ரேஸியா... ரெண்டு பேர் சிவில்ல வந்து சேர்ந்தாங்க. டிகிரி சர்டிபிகேட்ல ‘ஹி’ன்னுதான் அச்சாகியிருந்தது. அதை அடிச்சுட்டு, கையால ‘ஷி’ன்னு எழுதிக் குடுத்தாங்க. ஒரு பேனாக் கோடுதான்! அதுக்குத்தான் இவ்வளவு வருஷம்.

1943-ல டிகிரி முடிச்ச லலிதா அப்புறம் கல்கத்தாவுல ஏ.இ.ஐ. கம்பெனியில சேர்ந்து, டிரான்ஸ்மிஷன் லைன் டிசைன் பண்ணினாங்க. பக்ரா நங்கல் திட்டத்துலயும் அவங்க வேலை இருக்கு. 1964-ல நியூயார்க்ல நடந்த முதல் சர்வதேசப் பெண் இன்ஜினீயர்கள் மாநாட்டுக்குப் போனாங்க. அந்த த்ரேஸியா? எங்க மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவுல 1971-ல பொதுப்பணித் துறை சீஃப் இன்ஜினீயர்!

கரண்டு கம்பம் ஏறுவியான்னு கேட்ட பெரியம்மாவுக்கும் பதில் இருக்கு. தெலங்கானாவுல ஜூனியர் லைன்மேன் வேலைக்குப் பெண்களை எடுக்க மாட்டோம்னாங்க. சிரிஷா, பாரதின்னு ரெண்டு பேர் ஹைகோர்ட்டுக்குப் போனாங்க. கோர்ட் சொன்னதும் 2020 டிசம்பர்ல எட்டு மீட்டர் கம்பத்துல ஏறிக் காட்டினாங்க. 2021-ல சிரிஷாவுக்கு வேலை கிடைச்சது. கவனிச்சீங்களா... இங்கேயும் ஒருத்தி இல்லை, ரெண்டு பேர்.

‘தன்னம்பிக்கையோட இரு’ன்னு மேடை போட்டுச் சொல்றாங்க. கேட்கறப்போ சிலிர்க்குது, லேப்புக்குள்ள போனதும் காணாமப் போயிடுது. தனியா ஒருத்தி ‘நான் கனெக்‌ஷன் குடுக்கறேன்’னா ‘ஓவர் ஆக்டிங்’. மூணு பேர் சேர்ந்து ‘இந்த வாரம் நாங்க, அடுத்த வாரம் நீங்க’ன்னா அது டைம்டேபிள்! எங்க ஊர் மாசாணியம்மன் கோயில்ல நியாயம் கேட்டு மிளகாய் அரைச்சு நீதிக்கல்லுல பூசற பெண்கள் எத்தனை பேர்! கேட்கத் தெரியாதவங்களா நாம? ஸ்டாஃப்கிட்ட கேட்கறதுக்கு மிளகாய் கூட வேண்டாம்.

பசங்களே, உங்களுக்கும் ஒண்ணு. எங்களுக்காக யாரும் ஃபைட் பண்ண வேண்டாம். அப்சர்வேஷன் நோட்டை வாங்கிக்கோங்க, போதும். கையெழுத்து கோழி கிறுக்கினாப்ல இருந்தாலும் பரவாயில்லை.

எங்க தெருவுல பிளஸ் டூ முடிச்ச ரெண்டு பொண்ணுங்க போன வாரம் வந்து, ‘அக்கா, ட்ரிபிள் ஈ எடுக்கலாமா?’ன்னு தனித்தனியா கேட்டாங்க. ஒருத்திக்கு இன்னொருத்தி கேட்டது தெரியாது. ரெண்டு பேரையும் ஒண்ணா உட்கார வச்சு, சாய்ஸ் லிஸ்ட்ல ஒரே காலேஜ்களை ஒரே வரிசையில போடச் சொல்லியிருக்கேன். ஒருத்தியோட அப்பா சரின்னுட்டார். இன்னொருத்தியோட அப்பாகிட்ட இந்த ஞாயித்துக்கிழமை நாங்க மூணு பேருமா போய்ப் பேசறோம்.