ஐப்பசிக்கு ஒரு சல்லடை, மாசிக்கு ஒரு சல்லடை

2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் கரையேறியது, புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணத்தின் பக்கத்தில். விழுப்புரம் மாவட்டத்தின் இந்தக் கரையில் உப்பளம் வைத்திருப்பவருக்குப் புயல் எச்சரிக்கை வந்தால் அன்றைக்கே முடிவெடுத்தாக வேண்டும். குவித்து வைத்த உப்பை மூடிப் பாதுகாப்பதா, கிடைத்த விலைக்கு லாரியில் ஏற்றிவிடுவதா? அந்த எச்சரிக்கை மெயிலில் வந்தால், கடன் விளம்பரத்துக்கும் வங்கி அறிக்கைக்கும் வியாபாரியின் விலை விசாரிப்புக்கும் நடுவில் கிடக்கும். எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்பதைப் பெட்டிக்கு உரியவர் எழுதிய, அல்லது எழுதச் சொல்லி வாங்கிய, ஒரு சின்ன ஜாவா நிரல் தீர்மானிப்பதே சரி என்பேன். மெயில் நிறுவனத்தின் வடிகட்டி குப்பையைப் பிடிப்பதில் கெட்டிதான். ஆனால் குப்பையல்லாத ஐம்பது மெயிலில் இன்றைக்கு எது அவசரம் என்பது பெறுபவரின் தொழிலுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும்.

பிரித்தெடுப்பதில் வரிசைதான் முக்கியம் என்பது உப்பளத்துக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி. ஏறக்குறைய 3 டிகிரி போமே அடர்த்தியுள்ள கடல்நீர் வெயிலில் சுண்டச் சுண்ட, உப்புக்கு முன்பே ஜிப்சம் படியும். 25 டிகிரியை எட்டிய பிறகே சமையல் உப்பு பூக்கும். 29, 30-ஐத் தாண்ட விட்டால் மெக்னீசியக் கசப்பு ஏறிவிடும் என்று மிச்ச நீரை வெளியேற்றுவார்கள். மெயிலைப் பிரிக்கும் நிரலும் இப்படிக் கட்டம் கட்டமாகத்தான் போக வேண்டும். ஜாவாவில் இதற்கென்றே இருக்கும் நூலகம் ஜக்கார்த்தா மெயில். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய ஜாவாமெயில்தான் இன்று எக்லிப்ஸ் அறக்கட்டளையின் கீழ் இந்தப் பெயரில் இருக்கிறது. இது 1986-இல் மார்க் கிரிஸ்பின் வடிவமைத்த ஐமேப் முறையில் சர்வரோடு பேசும். பாதுகாப்பான இணைப்புக்கு 993-ஆம் போர்ட். இன்பாக்ஸை 'ரீட் ஒன்லி'யாகத் திறந்தால், நிரல் எத்தனை மெயிலைப் படித்தாலும் அவை படிக்காதவையாகவே இருக்கும். அனுப்பியவர், தலைப்பு, தேதி என்று நிபந்தனை கொடுத்தால் தேடும் வேலை சர்வரிலேயே நடந்து, பொருந்திய மெயில்களின் எண்கள் மட்டும் திரும்பி வரும். பெரிய இணைப்புக் கோப்பு நாம் கேட்காமல் இறங்காது. சிக்னல் மெலிந்த இடத்தில் இது பெரிய லாபம்.

தமிழில் எழுதுபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தலைப்பில் 'உப்பு' என்று எழுதினால் கணினிக்கு அது ஐந்து குறியீடு, 15 பைட். மெயில் வழியே பெரும்பாலும் 20 ஆங்கில எழுத்தும் எண்ணும் குறியுமாக உருமாறித்தான் போகும். தலைப்பை 'கெட்சப்ஜெக்ட்' என்ற கட்டளையால் எடுத்தால் நூலகமே தமிழாக்கித் தரும். 'கெட்ஹெடர்' என்று எடுத்தால் அந்த உருமாறிய சரமே கையில் வரும், அதில் 'உப்பு' என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. 'கொள்முதல்' என்ற சொல் இன்னும் நுட்பமானது. அதன் 'கொ'வில் உள்ள ஒகரத்தைக் கணினியில் ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, நிரலுக்கு வேறு வேறு. ஒப்பிடும் முன் ஜாவாவின் 'நார்மலைசர்' வழியாக இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால் ஒரு கொள்முதல் விசாரிப்பு சத்தமில்லாமல் கைநழுவிப் போகலாம்.

ஜிமெயிலிலேயே வடிகட்டி இருக்கிறதே, நிரல் எதற்கு என்று கேட்கலாம். ஒரே விதி ஆண்டு முழுக்கப் போதும் என்பவருக்கு அதுவே போதும். மரக்காணத்தில் உப்பு வாருவது ஜனவரி, பிப்ரவரி தொடங்கி செப்டம்பர் வரை. ஐப்பசி மழை இறங்கினால் பாத்தியெல்லாம் தண்ணீர். மாசியில் விலை விசாரிப்பும் ஐப்பசியில் வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பும் முதலில் நிற்க வேண்டும். ஜாவாவில் இன்றைய மாதத்தைக் கேட்டு விதியைத் திருப்ப ஒரு வரி போதும். ஜிமெயில் வடிகட்டியில் மாதத்துக்கு மாதம் நாமே கை வைக்க வேண்டும். எல்லாமே வாட்ஸ்அப்பில் வருகிறதே என்பது அடுத்த கேள்வி. பேரம் அங்கே நடக்கட்டும். வரித்துறை நோட்டீஸும் வங்கிக் கடிதமும் மெயிலுக்குத்தான் வருகின்றன, அவற்றைத் தவறவிட்டால் கெடு தாண்டிவிடும்.

கனமான ஆட்சேபம் கடவுச்சொல் பற்றியது. நிரலுக்குப் பெட்டியின் சாவியைக் கொடுக்கிறோம் என்ற பயம் நியாயமானது. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கினால் ஜிமெயில் நிரலுக்கென்றே 16 எழுத்துத் தனிக் கடவுச்சொல் தருகிறது, வேண்டாதபோது அதை மட்டும் ரத்து செய்யலாம். ஆனால் 'ரீட் ஒன்லி' என்பது நிரலுக்கு நாம் போட்ட கட்டுப்பாடுதான். அந்தச் சாவி வெளியே போனால் முழுப்பெட்டியும் திறக்கும். அதனால் அதை நிரலுக்குள் எழுதவே கூடாது. எந்த விதிக்கும் பொருந்தாத மெயிலை அழிக்கும் கட்டளையும் வேண்டாம். அவை இன்பாக்ஸிலேயே கிடக்கட்டும், வாரம் ஒருமுறை புரட்டிப் பார்த்தால் அடுத்து எழுத வேண்டிய விதி அங்கேதான் தட்டுப்படும்.