நமக்கு ஏற்ற சைக்கிள்

சைக்கிளுக்குப் பெட்ரோல் வேண்டாம். நம் கால்கள்தான் அதன் எஞ்சின். ஆகவே, சைக்கிள் நம் உடம்புக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் என்ன ஆகும்? முழங்கால் வலிக்கும். முதுகு வலிக்கும். அவசரத்தில் கால் தரைக்கு எட்டாது. கீழே விழுந்துவிடுவோம்.

செருப்பைப் போட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? சைக்கிளையும் ஏறிப் பார்த்தே வாங்க வேண்டும்.

பாரின் உயரம்

பார் வைத்த பெரிய சைக்கிளில் 22 அங்குலம், 24 அங்குலம் என்று அளவுகள் உண்டு. இது சக்கரத்தின் அளவு அல்ல. சீட்டுக்குக் கீழே உள்ள குழாயின் நீளம். சைக்கிளின் இரு பக்கமும் கால் வைத்து நில்லுங்கள். இரண்டு பாதங்களும் தரையில் நன்றாகப் பதிய வேண்டும். பார் உடம்பில் இடிக்கக் கூடாது. இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். இடித்தால் சிறிய அளவைக் கேளுங்கள்.

சீட்டின் உயரம்

சீட்டில் உட்காருங்கள். ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளட்டும். ஒரு பெடலைக் கீழே இறக்கி, அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். இனி முன்பாதத்தால் மிதியுங்கள். முழங்கால் லேசாக மடங்கும். இதுவே சரியான உயரம்.

சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் நோகும். மிக உயர்ந்திருந்தால் இடுப்பு இரு பக்கமும் ஆடும். கடைக்காரரிடம் சொன்னால் ஸ்பேனரால் சரி செய்வார். புதிதாகப் பழகுபவர்கள் கால் ஊன்றும்படி சீட்டைத் தாழ்த்தலாம். பழகிய பின் உயர்த்த வேண்டும்.

ஹேண்டில்பார்

கைகள் விறைப்பாக நீளக் கூடாது. முழங்கை சற்று மடங்கியிருக்க வேண்டும். பிரேக் விரலுக்கு எட்டுகிறதா? பிடித்துப் பாருங்கள்.

பெண்களுக்கு

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. பலர் பார் வைத்த சைக்கிளையே ஓட்டினார்கள். பார் இல்லாத சைக்கிளில் புடவையோடு ஏறி இறங்குவது எளிது. எதுவானாலும் அளவு முக்கியம்.

பிள்ளைகளுக்கு

“வளர்ந்துவிடுவான்” என்று பெரிய சைக்கிள் வாங்காதீர்கள். சீட்டில் உட்கார எட்டாத பிள்ளை குரங்குப் பெடல் போடும். பிரேக் பிடிக்கத் திணறும். இன்றைய உயரத்துக்கு வாங்குங்கள். வளர வளர சீட்டை உயர்த்தலாம்.

கடைக்காரர் கையிருப்பில் உள்ளதைத்தான் காட்டுவார். வெட்கப்படாமல் கேளுங்கள். சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். சைக்கிளில் பொறித்துள்ள எண் ரசீதில் இருக்கிறதா? நீங்களே படித்துப் பாருங்கள்.