வீட்டு உரத்தொட்டி

வீட்டு உரத்தொட்டி என்பது சமையலறைக் கழிவையும் சருகையும் மட்கவைத்து உரமாக்கும் கொள்கலன் ஆகும். திருவொற்றியூர், இராயபுரம் உள்ளிட்ட வடசென்னைப் பகுதிகளின் குப்பை கொடுங்கையூர் கிடங்கில் கொட்டப்பட்டு வந்துள்ளது. மட்கும் குப்பையை வீட்டிலேயே உரமாக்கினால் கிடங்கின் சுமை குறையும்.

தொட்டியைத் தேர்ந்தெடுத்தல்

மூடி, காற்றுத் துளைகள், அடியில் வடிகால் ஆகியவை இருந்தால் மண்பானையோ பிளாஸ்டிக் வாளியோ போதும். பழைய பீப்பாயை வாங்குவதானால், அதில் முன்பு உணவுப்பொருள்தான் இருந்தது என்று உறுதிசெய்ய வேண்டும். வேதிப்பொருள் இருந்த பீப்பாயின் எச்சம் உரத்தின் வழியாகக் கீரைக்கும் காய்க்கும் சென்று சேரலாம்.

வைக்கும் இடம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்ப் பகுதிக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. ஆகவே தாழ்வான இடங்களில் தரையில் குழி வெட்டுவதைவிட, மொட்டை மாடியில் நிழலான பகுதியில் செங்கல் அடுக்கி அதன்மேல் தொட்டியை வைப்பது பாதுகாப்பானது.

பயன்படுத்தும் முறை

- ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு சருகு அல்லது தென்னை நார்க்கழிவு சேர்க்க வேண்டும்.
- கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வருமளவு ஈரம் போதுமானது.
- வாரம் ஒருமுறை கிளறினால் காற்று புகும், நாற்றம் குறையும்.
- மீன் கழிவைச் சேர்க்கக் கூடாது. சிறிய தொட்டியில் அதை நாற்றமின்றி மட்கவைக்கும் அளவுக்கு வெப்பம் உண்டாவது அரிது. எலியும் ஈயும் வரும்.

பொதுவாக இரண்டு, மூன்று மாதங்களில் கழிவு கருமையாகி உதிரும். மண்வாசனை வந்தால் உரம் ஆயத்தமாகிவிட்டது எனக் கொள்ளலாம்.