கிளெய்ம் போட்டதால் கார் இன்சூரன்ஸ் எகிறிடுச்சா? பிரீமியத்தைக் குறைக்க என்ன வழி?

போன வருஷம் சின்ன விபத்து. கிளெய்ம் போட்டு வண்டியைச் சரி பண்ணியாச்சு. இந்த வருஷம் ரெனியூவல் மெசேஜில் தொகையைப் பார்த்தால் ஷாக்! ஏன் இப்படி? குறைக்க வழி இருக்கா?

எந்தப் பகுதி ஏறுகிறது?

பிரீமியத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, தேர்டு பார்ட்டி. இதை மத்திய அரசுதான் நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி, 1,000 சிசி வரையிலான தனியார் கார்களுக்கு 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். நீங்கள் கிளெய்ம் போட்டதால் இது ஏறாது.

ஏறுவது 'ஓன் டேமேஜ்' பகுதி. காரணம், நோ கிளெய்ம் போனஸ், அதாவது என்சிபி.

என்சிபி எப்படி வேலை செய்கிறது?

கிளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருஷத்துக்கும் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என ஏறும். ஒரே ஒரு கிளெய்ம் போட்டாலும் பூஜ்ஜியம்தான்!

உதாரணமாக, ஓன் டேமேஜ் 12,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். 50% போனஸ் இருந்தால் கட்டுவது 6,000. கிளெய்ம் போட்டதும் அடுத்த வருஷம் முழுசாக 12,000. பிறகு 9,600, 9,000, 7,800, 6,600 எனக் குறைந்து, ஆறாவது வருஷம்தான் மறுபடி 6,000. அடிப்படைத் தொகை மாறாவிட்டால், கூடுதல் செலவு மொத்தம் 15,000 ரூபாய். 5,000 ரூபாய் பம்பர் கீறலுக்கு கிளெய்ம் போடுவது லாபமா, நீங்களே சொல்லுங்க.

இப்போ என்ன செய்யலாம்?

* ஓன் டேமேஜ் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதனால் மூன்று, நான்கு இடங்களில் விலை கேளுங்கள்.

* 'வாலண்டரி டிடக்டபிள்' எடுத்தால் பிரீமியம் குறையும். ஆனால் விபத்து நடந்தால் அந்தத் தொகையை நீங்கள்தான் போடணும்.

* வண்டியை அதிகம் எடுக்காதவரா? ஓட்டும் தூரத்துக்கு ஏற்ற 'பே ஆஸ் யூ டிரைவ்' திட்டத்துக்கு 2022 ஜூலையில் ஐஆர்டிஏஐ அனுமதி தந்துள்ளது. அதைக் கேட்டுப் பாருங்கள்.

* தேவையில்லாத ஆட்-ஆன்களை நீக்குங்கள்.

இதெல்லாம் வேண்டாம்!

* கிளெய்ம் போட்டதை மறைத்து என்சிபி கேட்காதீர்கள். நிறுவனங்கள் பழைய பாலிசியைச் சரிபார்க்கும். பொய் எனத் தெரிந்தால் அடுத்த கிளெய்மே சிக்கலாகும்.

* பிரீமியம் குறையணும் என்று வண்டியின் ஐடிவி மதிப்பை ரொம்பக் குறைக்காதீர்கள். வண்டி திருடுபோனால் கையில் கிடைப்பதும் குறையும்.

* ரெனியூவலைத் தள்ளிப் போடாதீர்கள். காலாவதியாகி 90 நாள் தாண்டினால், சேர்த்து வைத்த என்சிபி போயிடும். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அடுத்த முறை அபராதம் 4,000 ரூபாய்.

அடுத்த முறை சின்ன கீறல் விழுந்தால், கிளெய்ம் போடும் முன் கராஜில் செலவைக் கேளுங்கள். போகப்போகும் போனஸைவிட அது குறைவு என்றால், சொந்தக் காசில் சரி செய்வதே நல்லது.