குட்டி ஓட்டம் டீசல் காருக்கு ஆகாது!

வீட்டிலிருந்து வயலுக்கு இரண்டு கிலோமீட்டர், அங்கிருந்து நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூன்று கிலோமீட்டர். டெல்டா கிராமங்களில் பல கார்களின் அன்றாட ஓட்டம் இவ்வளவுதான். புது டீசல் காருக்குச் சிக்கலே இதில்தான் ஆரம்பிக்கிறது.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பி.எஸ்-6 விதிக்கு ஏற்ற டீசல் கார்களில், சைலன்சர் பாதையில் 'டி.பி.எஃப்' என்ற வடிகட்டி இருக்கிறது. புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்துவைப்பது இதன் வேலை. துகள் நிறைந்ததும், வடிகட்டியின் வெப்பத்தைச் சுமார் 600 டிகிரி செல்சியஸுக்கு உயர்த்தி, கார் தானாகவே அதை எரித்துவிடும். அதற்குள் இன்ஜினை அணைத்தால், வேலை பாதியில் நின்றுபோகும். இது தொடர்ந்தால் அடைப்புதான்.

டி.பி.எஃப் விளக்கு எரிந்தால் பதற வேண்டாம். தஞ்சாவூர்-திருச்சி நான்குவழிச் சாலை போன்ற தடையில்லாத சாலையில், கார் கையேட்டில் சொல்லியுள்ள வேகத்தில் 20 நிமிடம்போல ஓட்டினால், பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும். அணையாவிட்டால், தள்ளிப்போடாமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு செல்லுங்கள். வடிகட்டி முற்றிலும் அடைத்துப் புதிதாக மாற்ற நேர்ந்தால், பெருந்தொகை செலவாகும். 'கழற்றிப் போட்டுவிடலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது மாசு விதிக்கு எதிரானது, வாரன்டியும் போகும்.

ஆயில் விஷயத்திலும் கவனம் தேவை. கையேட்டில் குறிப்பிட்டுள்ள, சாம்பல் குறைவான ஆயிலையே ஊற்ற வேண்டும். ஆயில் மட்டம் கூடியிருந்தால், டீசல் கலந்திருக்கலாம், உடனே காட்டுங்கள்.

அறுவடைக் காலத்தில் வைக்கோல்மீது காரை நிறுத்தவே கூடாது. சூடான சைலன்சர் பட்டால் தீப்பிடிக்கும்.

தினமும் குட்டி ஓட்டம் மட்டும்தான் என்றால், வாங்கும்போதே பெட்ரோல் காரை யோசிப்பது நல்லது.